புரோட்டான் எங்கிட்டிருந்து வருது?

சின்ன அணுக்கருவைப் பெரிய அணுக்கருவில் மோதவிட்டு, சிதறி வருவதைப் பார்த்து உள்ளே என்ன இருந்தது என்று யூகிப்பது எங்கள் தொழில். மோதல் நடப்பது ஐரோப்பாவில், பூமிக்கு அடியில். யூகிப்பது புதுக்கோட்டையில், நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் கணினி அறையில். ஊரில் யாருக்கும் புரியாத வேலை பார்ப்பவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் ஒரு விளக்கம்

கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, "என்ன ஆராய்ச்சிங்க?" என்று கேட்டார். புரோட்டானுக்குள் குளுவான் என்று துகள்கள் உண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் பசை மாதிரி ஒட்டிவைப்பவை அவைதான் என்றேன். வேகம் கூடக்கூட ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஈயம் போன்ற பெரிய அணுக்கருவில் நெரிசல் இன்னும் அதிகம்.

"இந்த பஸ் மாதிரிதாங்க. ஆனா ஒரு அளவுக்கு மேல ஏற முடியாது. அந்த அளவு எதுன்னுதான் தேடுறோம்."

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிராமலே சொன்னார்: "ஏற முடியாதுன்னு யாருங்க சொன்னது? உள்ள தள்ளிப் போங்க, ஆதனக்கோட்டையில இன்னும் முப்பது பேரு நிக்கிறாங்க."

ஈயம்

ஈயத்தில்தான் என் ஆராய்ச்சி என்று என் கணவர் கீழ்வீட்டு செல்வி அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பித்தளைப் பானையோடு படியேறி வந்துவிட்டார், ஈயம் பூசித் தரச் சொல்லி.

பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், நான் பார்ப்பது காரீயம் என்றேன். அப்படியென்றால் காரீயத்தைக் காட்டுங்கள் என்றார். அதை நான் தொட்டதே இல்லை, அங்கே மோதுவதன் கணக்கு மட்டும்தான் இங்கே கம்ப்யூட்டருக்கு வரும் என்றேன். அக்கா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆறு வருசமா ஈயத்தத் தொடாமலேயா ஈயத்தப் பத்திப் படிக்கிறீங்க?"

இங்கிட்டும் அங்கிட்டும்

புரோட்டானும் ஈயமும் மோதும்போது சிதறுவதில் இரண்டு துகள்கள் ஜோடியாக எதிரெதிர்ப் பக்கம் பறக்க வேண்டும். குளுவான் நெரிசலுக்குள் புகுந்து வந்தால் அந்த ஜோடிப் பொருத்தம் குலையும். என் வரைபடத்தில் அது குலைந்திருந்த அழகைப் பார்த்து இரண்டு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பெரிய கருத்தரங்கில் பேசவும் அழைத்துவிட்டார்கள்.

கணிதத் துறை ஆரோக்கியசாமி சார் ஆவூர்க்காரர். இடைவேளையில் டீ டம்ளரோடு வந்தவரிடம் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புரோட்டான் எப்பவும் இங்கிட்டிருந்துதான் வருதாங்க?" என்று கேட்டார். வருவதில்லை. சில நாள் புரோட்டான் இந்தப் பக்கமிருந்து வரும், ஈயம் அந்தப் பக்கமிருந்து வரும். சில நாள் மாற்றி விடுவார்கள். நான் எல்லா நாளையும் ஒரே குவியலில் கொட்டிக் கணக்குப் போட்டிருந்தேன். பக்கம் மாறிய நாளும் சேர்ந்ததால், குலையாத ஜோடிகூடப் படத்தில் குலைந்த மாதிரி விழுந்திருக்கும்.

கருத்தரங்குக்கு நாலு நாள்தான் இருந்தது. பேசிவிட்டு வந்து பிறகு சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். ஆரோக்கியசாமி சார் யாரிடமும் சொல்கிற ஆளில்லை. ஆனால் அந்தப் படத்தை இனி என்னாலேயே பார்க்க முடியவில்லை. சென்னையில் இருக்கும் என் முனைவர் பட்ட வழிகாட்டி மேடத்துக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். மேடம் சொன்னார்: "பேசலைன்னு எழுதிப் போட்டுடு. இன்னைக்கு நீயா சொன்னதால இது வெறும் தப்பு. அடுத்த வாரம் வேற யாராவது சொல்லியிருந்தா இதுக்குப் பேரே வேற."

மணமேல்குடியில்

பக்கம் பிரித்து மறுபடி கணக்குப் போட எட்டு மாதம் ஆனது. ஜோடி குலைவது இருந்தது, ஆனால் முன்பு கண்டதில் பாதிகூட இல்லை. அந்தச் சமயத்தில் மணமேல்குடியில் ஒரு பள்ளி அறிவியல் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குளுவான் நெரிசலைப் பற்றிப் பேசி முடித்ததும் பெற்றோர் வரிசையிலிருந்து மீன் விற்கும் ஓர் அக்கா எழுந்தார்.

"அந்தக் கூட்டம் உள்ள இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க டீச்சர்."

"நேரா பார்க்க முடியாதுங்க. இருக்குற மாதிரிதான் தெரியுது" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பிச் சொன்னது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது: "எங்க வீட்டுக்காரரும் வெறும் வலையோட வாரப்பல்லாம் இதையேதான் சொல்றாரு."

வாய்மொழித் தேர்வு

முனைவர் பட்டத்துக்கான தேர்வுக்கு அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்: நெரிசலே இல்லாமல் வேறு காரணத்தாலும் இந்த ஜோடி குலையலாமே? ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்தான். "குலையலாம் சார். என் கணக்கை மட்டும் வச்சு எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கேள்விக்குக் கேட்ட பேராசிரியருக்காவது விடை தெரியுமா என்று கேட்டார். இப்போதைக்கு யாருக்குமே தெரியாது என்றேன்.

"தெரியாததக் கேட்டு, நீயும் தெரியாதுன்னு சொன்னதுக்கா ஒனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாரு?"

ஒளியின் வேகத்தை எட்டிப்பிடிக்க ஓடும் இரண்டு அணுக்கருக்களைக்கூட நேருக்கு நேர் மோதவைத்துவிடலாம், ஊரில் நம் வேலை என்னவென்று கேட்பவருக்கு நேராக ஒரு பதில் சொல்வதுதான் இன்னும் யாருக்கும் கைவரவில்லை.