தரகர் வேடம்

எங்கள் நாடகக் குழுவில் நான்தான் கதாநாயகன். ஆனால் திண்டுக்கல்லில் கூட்டம் வந்தது, கல்யாணத் தரகராக நடித்த பாய்க்காக. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புக் கடை வைத்திருப்பவர். மேடையில் நானும் கதாநாயகியும் வார்த்தைக்கு வார்த்தை சண்டை போட்டுக்கொண்டே காதலிப்போம். நடுவில் தரகர் வந்து சொற்களை மாற்றிப் போடுவார். "பொண்ணு வீட்டுல பூரண சந்தேகம் தெரிவிச்சுட்டாங்க" என்பார். சம்மதம் என்று அர்த்தம். என் கையைப் பிடித்து, "மாப்பிள்ளைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று வாழ்த்துவார். சிரிப்பு அடங்கும்வரை நாங்கள் காத்து நிற்போம்.

போன வருடம் அவர் மனைவி திடீரென்று இறந்துபோனார். அடக்கம் முடிந்து வந்து, தெருவில் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எப்படி ஆச்சு என்று யாரோ கேட்டார்கள்.

"காலையில நல்லாத்தான் இருந்தா" என்று பாய் தொடங்கினார். "இட்லி அவிச்சு வச்சா. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, செத்த நேரம் படுக்குறேன்னு போனா..."

எதிரில் இருந்தவர் முகத்தில் சிரிப்பு ஓடியது. பாய் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகிய முகம். பக்கத்தில் இருந்தவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பாய் பார்த்துவிட்டார். மேற்கொண்டு சொல்லவில்லை. அந்த இருவரையும் எழுப்பி அனுப்பிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அதன்பின் தரகர் வேடம் வேண்டாம் என்றார். பெண்ணின் அப்பா வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மகளை அனுப்பிவைக்கும்போது ஒரே வசனம்: "இனி இந்த வீட்டுல உன் குரல் கேக்காதும்மா."

நத்தத்தில் நாடகம். அவர் தலையைக் கண்டதுமே கூட்டம் சிரித்தது. ஓயட்டும் என்று நின்றார். ஓய்ந்ததும் சொன்னார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சிரிப்பு ஓயுமுன்பே அவர் என்னைக் கடந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கடைக்குப் போனேன். டீ வாங்கித் தந்தார்.

"வசனம் பாடம் பண்றப்ப அவதான் தம்பி எதுக்க உக்காந்து கேப்பா. ஒரு தடவகூடச் சிரிச்சதில்ல. 'பாவங்க அந்தத் தரகரு, சொல்லத் தெரியாமத்தான சொல்றாரு'ம்பா. எனக்குக் கோவமா வரும்."



பாய் அப்புறம் மேடை ஏறவில்லை. தரகர் வேடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார், நன்றாகவே செய்கிறார். கடையிலும் பாய்க்குப் பேச்சு குறைந்துவிட்டது. வருகிறவர்களின் காலைப் பார்த்தே அளவைக் கண்டுகொண்டு, பெட்டியை எடுத்து முன்னால் வைத்துவிடுகிறார்.