இரண்டு மணி ஆறாவது நிமிடம்

ஹனோவரில் மதியம் இரண்டு மணிக்கு என் ஆபீஸ் கணினியின் ஓரத்தில் ஒரு வரி எழும்பும்: 'அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்.' எங்கள் ஊர் கடத்தூரில் அப்போது மாலை ஆறரை. சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். போனில் அவரிடம் இவ்வளவு தகவல் வாங்க முடியாது. "ம்ம், வெச்சர்றேன்" என்பதோடு சரி.

அந்த வரியை அனுப்புவது என் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப். அதில் ஒரு மீடியா சர்வர் வைத்து, எங்கள் குடும்ப விசேஷ வீடியோக்களை ஏற்றி, ஊர் டீவியில் தெரியும்படி செய்திருக்கிறேன். சர்வர் ஒரு கன்டெய்னருக்குள் ஓடுகிறது. புரியாதவர்கள் பயப்பட வேண்டாம், மென்பொருளை அடைத்துவைக்கும் ஒரு டப்பா, அவ்வளவுதான். புது வெர்ஷன் வந்தால் பழைய டப்பாவைக் கடாசிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். காப்பாற்ற வேண்டியதை மட்டும் டப்பாவுக்கு வெளியே வைக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்த நாட்டில் எனக்குச் சம்பளம்.

அப்பா பார்ப்பது ஒரே வீடியோ, என் தங்கச்சி கல்யாணம். பக்கத்து மேஜை மார்ட்டின் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு கல்யாணம் நான்கு மணி நேரமா?"

"இது சுருக்கினது."

அவர் சிரிக்கவில்லை, திரையைக் காட்டினார். தினமும் கால் மணி நேரம் ஓடுகிறது, ஆனால் நிற்பது எப்போதும் வீடியோவின் இரண்டு மணி ஆறாவது நிமிடத்தில். "நகரவே மாட்டேன் என்கிறதே. இது சர்வரின் கோளாறு. அப்டேட் செய்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்த காகிதங்கள் மாட்டிக்கொண்டன. அடுத்த வருஷம் அம்மா இறந்தபோது போனேன், காரியம் முடிந்ததும் திரும்பினேன். அந்தக் கல்யாண டிவிடியை எடுத்து வந்து சர்வரில் ஏற்றினேனே தவிர, திறந்து பார்க்கவில்லை. நான் வராத கல்யாணத்தில் அம்மா ஓடியாடுவதை எந்த முகத்தோடு பார்ப்பது?

அப்டேட் செய்தேன். மறுநாள் இரண்டு மணிக்கு வரி வரவில்லை. போய்ப் பார்த்தால் சர்வரில் ஒருத்தர் பெயரும் இல்லை. வீடியோக்கள் தனி டிஸ்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் யார் யார், எதை எங்கே நிறுத்தினார்கள் என்ற குறிப்பெல்லாம் டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நானே என் கையால் கடாசியிருக்கிறேன். அப்பாவின் பெயரை மறுபடி சேர்த்து, போனிலேயே சொல்லிச் சொல்லி டீவியை இணைக்க வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"தம்பி, மொதல்ல இருந்து ஓடுது. உங்கம்மா பேசற எடம் காணோம்."

"வீடியோ பூராவும் அம்மா இருப்பாங்களேப்பா?"

"இருப்பா. வாய் அசையும், பாட்டுதான் கேக்கும். அந்த ஒரு எடத்துல மட்டும் வீடியோக்காரன் பாட்டுப் போடாம வுட்டுட்டான். அதையேதான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்பேன். வலதுபக்கப் பட்டனை அமுக்கிப் பாத்தேன், பந்தியத் தாண்டி மறுவூட்டுக்கே போயிருச்சு."

இடம் எனக்கு மனப்பாடம். அவரை லைனில் வைத்துக்கொண்டே அப்பாவின் பெயரில் வீடியோவைத் திறந்து அங்கே போனேன்; நான் நிறுத்துகிற இடத்திலிருந்து அவர் டீவியிலும் ஓடும். பந்தி நடக்கிறது. வாயில் சோற்றோடு கண் கூசுகிறவர்கள் மேல் லைட் அடிக்கிறது. பாட்டு முடிகிறது. அம்மா வீடியோக்காரரின் கையைப் பிடித்து இழுக்கிறாள். "ஏனுங்க, எலைய நல்லா எடுங்க, எம்பையன் பாப்பான்." பிறகு நேராக என்னைப் பார்க்கிறாள். "பாத்தியா கண்ணு, இனிப்புக்கு ஒப்புட்டு போட்டிருக்கு. நீ எப்ப வர்ற?" அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

"கெடச்சிருச்சுப்பா" என்றேன். குரல் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"இத்தன நாளா நீ பாக்கவே இல்லியா?"

"இல்லப்பா."

"அவ உன்னையத்தான கேக்கறா. உனக்குப் பதிலா நெதமும் நாந்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், வந்துருவான்னு."

குறிப்புகளை டப்பாவுக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டேன். மறுநாள் இரண்டு மணிக்கு அப்பா உட்கார்ந்ததும் நானும் அதே நிமிடத்தைத் திறந்தேன். அம்மா கேட்டாள். "வர்றேம்மா" என்றேன், வாய்விட்டே. மார்ட்டின் திரும்பிப் பார்த்தார். கடத்தூரில் அப்பாவும் அந்நேரம் பதில் சொல்லியிருப்பார். டிக்கெட் இன்னும் போடவில்லை.