செல்விக்கு எட்டாத பால் வாசனை

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.மங்கலம் போயிருந்தேன். என் சித்தி மகள் செல்வியின் குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷம். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

குழந்தை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் செய்தது ஒன்றுதான் - உச்சியில் மூக்கை வைத்து ஆழமாக ஓர் இழுப்பு. "பால் வாசம்டீ..." என்று ஒரு பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வி மட்டும் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"அக்கா, எப்படி இருக்கும் அந்த வாசனை?"

"பால் வாசனைதான்டி... கொஞ்சம் வெதுவெதுன்னு..." என்று இழுத்தேன்.

"பால் வாசனைன்னா எப்படிக்கா? மறந்து போச்சு."

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மாசமாக இருந்தபோது கணவரோடு பைக்கில் திருப்பாலைக்குடி பக்கம் போயிருக்கிறாள். குறுக்கே ஓர் ஆடு. கணவர் பிரேக் போட, வண்டி சறுக்கி இவள் மல்லாக்க விழுந்தாள். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, "வயிற்றில் குழந்தைக்கு ஒன்றுமில்லை" என்றதும்தான் குடும்பத்துக்கு உயிர் வந்தது. மூக்கைப் பற்றி அப்போது யாருக்கு நினைப்பு வரும்?

அதன் பிறகு சாப்பாடு ருசிக்கவில்லை. மீன் குழம்பும் வெந்நீரும் ஒன்று போலத்தான். "புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அவளும் நம்பினாள்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள். அடுப்பில் பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து அறையில் செல்வி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைக்குப் போன மாமியார் வாசலிலிருந்தே அலறிக்கொண்டு ஓடிவந்து சிலிண்டரை மூடினார்.

"என்ன ஆத்தா, இம்புட்டு நாத்தம் அடிக்குது, உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. அப்போதுதான் மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள்.

மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு. அதன் துளைகள் வழியாக நூல் நூலாக நரம்புகள் மூளைக்குப் போகின்றன. தலை அதிர்ந்ததில் அந்த நூல்கள் அறுந்திருக்கலாம் என்றாராம் டாக்டர். திரும்பி வரலாம்... வராமலும் போகலாம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, உப்பு, புளிப்பு என்று நாலைந்துதான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை.

வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சத்தம், தொடுதல், வலி, ருசி எல்லாம் மூளையின் நடுவில் ஒரு ஜங்ஷனில் இறங்கி வண்டி மாறித்தான் போக வேண்டுமாம். வாசனைக்கு மட்டும் நேர் வண்டி. நினைவும் பாசமும் குடியிருக்கிற இடத்துக்கு நேராகப் போய்விடுகிறது.

அந்த வண்டி நின்றுபோனவளுக்கு? அன்று அடுப்படி வாசலில் செல்வியே சொன்னாள்.

"புள்ள ஆய் போயிட்டா எனக்குத் தெரியாதுக்கா. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா துணியைத் தொட்டுப் பாக்குறேன். அத்தை என்னையத் தனியா விட மாட்டேங்குறாக. உம்மேல கோவமில்ல ஆத்தா, பயமா இருக்குன்னு சொல்றாக. அவுகளைக் குத்தம் சொல்ல முடியுமா?"

கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என் புள்ளதான்னு புத்திக்குத் தெரியுது. ஆனா தூக்கினா யாரு வீட்டுப் புள்ளையவோ வச்சிருக்கிற மாதிரியே இருக்குக்கா. இதை யாருகிட்ட சொல்ல?"

தாய் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் அவள் கையைப் பற்றிக்கொண்டேன்.

அதற்குள் கூடத்தில் குழந்தை வீறிட்டது. ஆளாளுக்குத் தோளில் போட்டுத் தட்டினார்கள். அடங்கவில்லை. மாமியார் நேராகக் கொண்டுவந்து செல்வியிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சிருங்க அத்தை..."

"புடி ஆத்தா."

வாங்கினாள். கண் திறக்காமலே குழந்தை அவள் கழுத்தடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தேடியது. ஒரு விம்மல். அப்படியே அடங்கிவிட்டது.

"அவளுக்கு உன் வாசனை தெரியுதுடி. பிறந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் அம்மாவை வாசனையை வச்சுக் கண்டுபிடிச்சிருமாம்" என்றேன்.

"நெசமாவாக்கா?"

"நெசம்தான்."

செல்வி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. மாமியார் ஒன்றும் கேட்காமல் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, கூடத்துக்குப் போய்விட்டார்.

பிறகு செல்வி குழந்தையின் உச்சியில் மூக்கை வைத்து மெதுவாக மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை. இன்னும் ஆழமாக, இன்னொரு முறை.

ஏதாவது தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை... கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன்.