பதினான்கா, நான்கா?

போன செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குள் நுழைந்தேன். அங்கே வேலை பார்க்கும் மும்தாஜ் என்னைக் கேட்ட முதல் கேள்வி — "எக்கா, இந்த போர்டைச் செஞ்ச புண்ணியவதி நீங்கதானா?"

நான்தான்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் மில்களுக்கு டிஸ்ப்ளே போர்டு செய்கிறோம். ஏதாவது ஒரு மெஷின் நின்றால் அதன் நம்பர் போர்டில் சிவப்பாக எரியும். பார்த்தவர் ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். இடது பக்கப் பலகையில் ஓர் இலக்கம், வலது பக்கப் பலகையில் ஓர் இலக்கம். ஒவ்வொன்றிலும் மிளகு அளவில் இருநூற்று எண்பது எல்.ஈ.டி. விளக்குகள்.

ஒரே பெட்டியில் வந்தாலும் இவை ஒரே மாதிரி எரியாது. ஒன்று முறைக்கும். ஒன்று தூங்கி வழியும். கண்ணால் பார்த்துப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நூல் சுற்றும் அட்டை கோன் ஒன்றை எடுத்து உள்ளே கறுப்பு மை பூசினேன். ஒரு முனையில் எல்.ஈ.டி. மறு முனையில், வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆர். என்ற சின்னப் பொருள். அதோடு ஒரு மீட்டர். வெளிச்சம் குறைந்தால் மீட்டரில் எண் ஏறும். ஒவ்வொரு விளக்கையும் அளந்தேன், நோட்டில் எழுதினேன், ஒத்துப்போகாததைத் தூக்கிப் போட்டேன். பிறகுதான் போர்டில் பொருத்தினோம்.

'வெளிச்சம் சீராக உள்ளது' என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டதும் நானே. கொஞ்சம் கர்வம் இருந்ததை மறைப்பானேன்?

இப்போது புகார். பதினான்காம் மெஷின் நின்றபோது மும்தாஜ் நான்காம் மெஷினுக்கு ஓடியிருக்கிறாள். பதினான்காம் மெஷின் அரை மணி நேரம் சும்மா நின்றிருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை இதே கதை, இரண்டு மெமோ. மூன்றாவது மெமோ சூப்பர்வைசரின் மேஜையில் தயார். அதை வாங்கிவிட்டால் வேலை போய்விடும்.

"நான் பத்தாவது பாஸுக்கா. நாலுக்கும் பதினாலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கேன்? இடது பக்கத்து நம்பரு செத்துக் கெடக்கு."

சூப்பர்வைசர் என்னை மாடியிலிருக்கும் தன் கண்ணாடி அறைக்கு அழைத்துப் போனார். போர்டு நேர் எதிரே தொங்கியது. பதினான்கை எரியவிட்டார்.

"பாருங்க மேடம், அம்புட்டும் பளிச்சுனு இருக்குல்ல? கண்ணாடி போடுட்டின்னா கேக்க மாட்டேங்கா."

பளிச்சென்றுதான் இருந்தது. ஒன்றும் நான்கும் ஒரே வெளிச்சம். என் அளவு சரி, என் கையெழுத்து சரி. அப்படியே கிளம்பியிருந்தால் அடுத்த பஸ் கிடைத்திருக்கும். கிளம்பும் முன் என் முதலாளி சொல்லி அனுப்பியதும் அதுதான் — "வயரு லூஸா இருந்துச்சு, முறுக்கிட்டேன்னு சொல்லிட்டு வந்துரும்மா."

ஆனால் மும்தாஜ் கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படி இறங்கினேன்.

"நான் நிக்கிற எடத்துல செத்த நேரம் நில்லுங்கக்கா."

நின்றேன். அண்ணாந்தேன். நான்கு தெரிந்தது. அதன் இடப்பக்கம்... சாம்பல் பூத்த ஏதோ ஒரு கோடு.

எனக்கு முகம் சுட்டது. இந்த எல்.ஈ.டி. தன் எதிரே நிற்பவருக்குத்தான் முழு வெளிச்சம் தரும். இடது பக்கத்துப் பலகையைத் திருகி மாட்டியபோது அது லேசாக மேல் நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வெளிச்சம் முழுவதும் மாடி அறைக்குப் போகிறது! கம்பெனியில் போர்டை மேஜை மேல் நிறுத்தி, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தோமே தவிர, உயரத்தில் மாட்டிக் கீழிருந்து பார்க்கவே இல்லை. விளக்குகளை அளந்தேன். மாட்டிய பிறகு, போர்டை அளந்தேனா?

வாயால் சொன்னால் சூப்பர்வைசர் நம்புவாரா? பையிலிருந்து மீட்டரையும் எல்.டி.ஆரையும் எடுத்தேன். மும்தாஜ் ஒரு காலி கோனை நீட்டினாள். பக்கத்து டியூப்லைட்டுகளை அணைக்கச் சொன்னேன். எல்லா விளக்கையும் எரியவிட்டு, கோனை முதலில் மாடியிலிருந்து பிடித்தேன். இடது பதினொன்று, வலது பதினொன்று. கீழே வந்து பிடித்தேன். வலது பதினான்கு. இடது... நாற்பது.

"மீட்டரு ரிப்பேரோ?" என்றார் சூப்பர்வைசர்.

"அப்போ அதுக்கும் கண்ணாடி போட்டுருவோமா சார்?" என்றாள் மும்தாஜ்.

அவர் இறங்கி வந்தார். மும்தாஜ் நின்ற இடத்தில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இங்க ஃபேனும் இல்ல சார்."

"நீ சும்மா இரு. அதைப் பொறவு பாப்போம்."

சூப்பர்வைசரிடம் சொன்னேன் — தப்பு மும்தாஜுடையது இல்லை. வயரும் லூஸ் இல்லை. சரியாகச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். எழுதியும் கொடுத்தேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் பெருமை. ஐந்நூற்று அறுபது விளக்குகளை அளந்த பெருமையைவிட இது பெரிது.

அவர் மெமோவை நான்காகக் கிழித்தார். கூடவே பழைய இரண்டையும் ரத்து செய்து எழுதினார். கேட்காமலே செய்தார் — அதையும் சொல்ல வேண்டும்.

ஏணி போட்டு ஏறி, இடது பலகையின் மேல் விளிம்பில் இரண்டு வாஷர் வைத்துக் கீழ் நோக்கிச் சாய்த்தேன். வலது பக்கத்தையும் அதே சாய்வுக்குக் கொண்டுவந்தேன். மறுபடி அளந்தேன். கீழே இரு பக்கமும் பன்னிரண்டு. மாடி அறையில்தான் இப்போது கொஞ்சம் மங்கல். பரவாயில்லை, அங்கிருந்து யாரும் ஓட வேண்டியதில்லையே!

புதிய சோதனைத் தாள் எழுதினேன். 'அளந்த இடம்: தொழிலாளர் நிற்கும் தரை.' என் கையெழுத்துக்குக் கீழே 'பார்த்து உறுதி செய்தவர்' என்று ஒரு கோடு போட்டு, பேனாவை மும்தாஜிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். ஆனால் போடவில்லை.

"இருங்கக்கா... முழுசாப் படிச்சுட்டுத்தான் போடுவேன்."