கீர்த்தி போட்ட கும்பிடு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆரணியில் நாள் முழுக்க விசைத்தறி ஓடுகிற வீட்டில் பேயே வந்து பேசினாலும் யார் காதில் விழும்? சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் இது நடந்தது.

என் மகள் கீர்த்திக்கு அப்போது ஏழு மாதம். தூங்கி எழுந்ததும் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தால், இரண்டு கையும் முன்னால் வந்து சேரும், தலை டக்கென்று குனியும், நிமிரும், மறுபடி குனியும். எதிர்ச் சுவரில் அம்மன் படம் இருந்ததா, வீடே பூரித்துப்போனது. "எங்க வூட்டு மகாலட்சுமி எப்டி கும்புட்டுகினு கீது பாருங்க" என்று மாமியார் தெருவையே கூட்டிக் காட்டினார். குழந்தை சிரிப்பதை நிறுத்தியிருந்தது, கிலுகிலுப்பைக்குத் திரும்புவதில்லை, என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் தறி நின்றது. வீட்டில் நானும் அவளும் மட்டும், கதவில் தாழ்ப்பாள். கடையில் இருந்த என் வீட்டுக்காரருக்கு அனுப்பலாமென்று அந்தக் கும்பிடைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் மழலை மாறாத ஒரு குரல்.

"கும்புடலம்மா. கூப்புடறேன்."

திரும்பினேன், சாமி சத்தியமாக யாருமில்லை. குழந்தையைப் பார்த்தால், குனிகிற ஒவ்வொரு தடவையும் கண் மேலே செருகுகிறது, நிமிரும்போது முகம் கோணி அழுகிறது. அத்தனை நாளும் நாங்கள் கையைத்தான் பார்த்திருக்கிறோம்.

அப்படியே தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். குழந்தைகளுக்கான நரம்பு டாக்டரம்மா வீடியோவைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது கும்பிடு இல்லம்மா, வலிப்பு. சின்னக் குழந்தைக்கு இப்படியும் வரும். விட்டா மூளை வளர்ச்சியே கெட்டுடும், உடனே மருந்து ஆரம்பிக்கணும்."

தலையில் வயர் ஒட்டி மூளை அலையை எடுத்துப் பார்த்தார்கள், அவர் சொன்னதுதான் வந்தது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பின்னாடி பேசற குழந்தை யாரு? சரியா சொல்லுதே!" என்றார். போனை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

மருந்தில் வலிப்பு நின்றது, சிரிப்பும் திரும்பியது. நடைதான் தாமதம். பேச்சு, நாலு வயதாகியும் 'அம்மா'வைத் தாண்டவில்லை.

போன மாதம் தறிச் சத்தத்தில் அவள் என் புடவையை இழுத்ததை நான் கவனிக்கவில்லை. சட்டென்று கரண்ட் போனது. முதுகுக்குப் பின்னால் அதே குரல்.

"அம்மா, கூப்புடறேன்."

திரும்பினேன், பேசியது கீர்த்தி. கட்டிப்பிடித்து அழுதேன், சந்தோஷம்தான், வேறென்ன. ஆனால் அந்த வீடியோவை மட்டும் மறுபடி போட்டுக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.