அண்ணன் வாங்கிய அடிகள்

என் அண்ணனின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அண்ணனிடம் குத்துச்சண்டை பயின்ற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் தங்கையின் வணக்கம். திருக்கோவிலூரில் முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டையில் எழுதிப் பழகிய கை இது. அழகாக எழுத வராது, உள்ளதை எழுத வரும். அண்ணன் இந்த வேலையை என்னிடம் கொடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நைனார்பாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா மரவள்ளிக் காட்டில் களை எடுப்பார். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் காலை வாரிவிட, அண்ணன் சென்னையில் இருந்த மாமா வீட்டுக்குப் போய், ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தத் தெருக் கோடியில் ஒரு குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. வேடிக்கை பார்க்க நின்றவரின் தோளைப் பார்த்ததும் அங்கிருந்த வாத்தியார் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பொங்கலுக்கு வந்தால் கன்னம் வீங்கியிருக்கும். ஈஸ்டருக்கு வந்தால் மூக்கு கோணியிருக்கும். கேட்டால், பஸ் இடித்துவிட்டது என்பார். மூன்றாவது முறை அம்மா சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னாடா, மெட்ராஸ்ல ஓடற பஸ்ஸெல்லாம் ஒன்ன மட்டுந்தான் தேடிக்கினு வருதா?" அண்ணன் குனிந்த தலை நிமிராமல் உண்மையைச் சொன்னார். அம்மா அழுதார், திட்டினார், மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "செரி, ஜெயிக்கிறியா?" என்று கேட்டார்.

ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். டிக்கெட் போட்டு நடத்தும் தொழில்முறைப் பந்தயங்களில் பத்து வருடம் ஆடினார். அவரைவிட வேகமாகக் குத்துகிறவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். ஆனால் அவரை விழவைக்க முடிந்தவர்கள் யாருமில்லை. முகத்திலும் தலையிலும் வாங்கிக்கொண்டே நிற்பார். எதிராளி அடித்து ஓய்ந்த பிறகு கடைசி ரவுண்டில் முடிப்பார். கூட்டம் "குத்துக்கல்லு, குத்துக்கல்லு" என்று கத்துமாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஊசி என்றால் நடுக்கம். ஒருமுறை தகரம் கிழித்து என் வார்டுக்கு வந்தவர், நான் சிரிஞ்சை எடுத்ததும், "ஏ புள்ள, இதுக்கு மாத்திர கீத்திர இல்லியா?" என்று கெஞ்ச, வார்டே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

திருமணத்துக்குப் பிறகு அண்ணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், இனி பந்தயம் கூடாது என்று. அண்ணன் அதற்குக் கட்டுப்பட்டு கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தார். வீட்டை ஒட்டி, மூடிக்கிடந்த அரிசி ஆலைக் கிடங்கைக் கேட்டு வாங்கி, கோணிப்பைகளில் மணலும் உமியும் அடைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதுதான் உங்களுக்கெல்லாம் தெரிந்த கூடம். சின்னசேலத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். போலீஸிலும் பட்டாளத்திலும் இன்று பலர் இருக்கிறார்கள். ஊரே அவரை "மாஸ்டர்" என்றது. மலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அண்ணிதான் சோறு போட்டார். தட்டில் முட்டையை மிச்சம் வைப்பவன் மாஸ்டருக்குப் பயப்படாவிட்டாலும் அண்ணிக்குப் பயப்பட வேண்டும்.

அண்ணனின் முதல் மாணவர் பொன்னுசாமி. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு குக்கிராமத்துக்காரர். இப்போது ஜீப் ஓட்டுகிறார். சென்னையில் தான் கற்ற மாதிரியே அண்ணன் அவருக்கும் கற்றுக்கொடுத்தார். கைகளைத் தொங்கவிட்டு ஒரு ரவுண்டு முழுக்க வெறும் தலையில் அடி வாங்க வேண்டும். "வாங்கப் பழகுடா, அப்பதான் பயம் வுட்டுப் போவும்" என்பார். பொன்னுசாமியும் வாங்கினார். அண்ணனுக்கு இன்னொரு குத்துக்கல் கிடைத்துவிட்டதில் அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு அண்ணன் மாறத் தொடங்கினார். டீயில் இரண்டு முறை சர்க்கரை போட்டார். என்னைப் பார்க்கத் திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறியவர் வேறெங்கோ இறங்கி நின்றார். அதிராமல் பேசுகிற மனிதர், செருப்பைக் காணவில்லை என்று சுவரைக் குத்தினார். நான் நர்ஸ். பார்த்துக்கொண்டே இருந்தேன். வயசு, சர்க்கரை வியாதி, பள்ளிக்கூட அலைச்சல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தக் குற்றம் என்னுடையது.

ஒரு நாள் மாலை லீவில் அங்கே போயிருந்தேன். அண்ணி அடுப்படியில் இருந்தார். கூடத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு விசில் கேட்கும். அதை எண்ணித்தான் அண்ணி பருப்பை இறக்குவார். அன்று பருப்பு குழைந்து அடிப்பிடித்தது. விசில் வரவில்லை. அண்ணி கரண்டியோடு ஓட, நானும் பின்னால் ஓடினேன். உள்ளே இரண்டு பையன்கள் மூக்கில் ரத்தம் வழியத் தள்ளாடிக்கொண்டு இன்னும் குத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையிலிருந்த ஸ்டாப்வாட்சையே பார்த்தபடி நின்றார். அது எதற்கு என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது. அண்ணி ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். பையன்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஏன்டா நிறுத்தவில்லை என்று கேட்டேன். "மாஸ்டர் விசில் ஊதலியேக்கா, எப்பிடி நிறுத்தறது?" என்றான் ஒருவன்.

சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "தலையில எப்பவாச்சும் அடி பட்டிருக்கா?" என்று அவர் கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டார். "எந்த அடியக் கேக்கறீங்க சார்?" டாக்டர் சிரிக்கவில்லை. வருடக்கணக்கில் தலையில் வாங்கிய அடிகளால் மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போயிருக்கலாம், இனி சரியாகாது, மெதுவாக்க முயற்சி செய்யலாம் என்றார். திரும்பி வரும்போது ஆத்தூரைத் தாண்டினோம். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொன்னுசாமிய எத்தினி அடி வாங்க வெச்சேன் தெரியுமா புள்ள?" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளிமலை பஸ் ஏறினோம். கடைத்தெருவில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பொன்னுசாமி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, "வாங்க மாஸ்டர், டீ சாப்புடுங்க" என்றார். அண்ணன் உட்காரவில்லை. ரோட்டோரம் இருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி, "இதுமேல நட" என்றார். பொன்னுசாமி சிரித்துக்கொண்டே நடந்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மாசத்தப் பின்னாலேர்ந்து சொல்லு" என்றார் அண்ணன். சேலத்தில் டாக்டர் அண்ணனுக்கு வைத்த அதே பரீட்சைகள். பொன்னுசாமி பங்குனி, மாசி, தை என்று தொடங்கி, ஒன்றும் விடாமல் சித்திரை வரைக்கும் சொல்லி முடித்தார்.

அண்ணன் என் பக்கம் திரும்பி, மெல்ல, "கரெக்டா சொல்றானா?" என்று கேட்டார்.

சரியாகச் சொன்னார் என்றேன். அவ்வளவுதான், அந்தக் கடைத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, அண்ணன் பொன்னுசாமியைக் கட்டிக்கொண்டு அழுதார். "தெரியாம கத்துக்குடுத்துட்டேன்டா. மன்னிச்சிடு." பொன்னுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க இல்லன்னா நான் ஏது மாஸ்டர்" என்று ஆரம்பித்தார். அண்ணன் அதட்டினார்: "அந்தக் கதையெல்லாம் வாணாம். தல நோவு வருதா இல்லியா, அத சொல்லு." எப்போதாவது வரும் என்றார். மறுவாரமே டாக்டரிடம் காட்டினோம். இன்று வரை நல்லபடியாக இருக்கிறார், வருடம் தவறாமல் பரிசோதனை செய்துகொள்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கூடத்தில் சட்டம் மாறியது. பயிற்சியில் தலையில் குத்தக்கூடாது. தலைக்கவசம் இல்லாமல் எதிரெதிரே நிற்கக்கூடாது. தலைவலி, மயக்கம், வாந்தி என்று சொன்னவனுக்கு அன்று முதல் பயிற்சி கிடையாது, டாக்டர் சரி என்று சொல்லும் வரை. விசிலை அண்ணன் தன் கழுத்திலிருந்து கழற்றி பொன்னுசாமியிடம் கொடுத்தார். நினைவு தெளிவாக இருந்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் பூட்டேன்னா பொஸ்தகம் போடுவீங்க இல்ல, அதுல இத எழுது. அது எல்லாப் பசங்க வூட்டுக்கும் போவும். நல்லவரு வல்லவருன்னு கம்மியா எழுதிக்க, இத ஜாஸ்தியா எழுது." சரி என்று சத்தியம் செய்தேன்.

அண்ணிக்கு இதில் சம்மதமில்லை. மலர் போடும் பேச்சு வந்ததும், "மாஸ்டருன்னு மரியாதயா வாழ்ந்தவரு. புத்தி கெட்டுப் போனாருன்னு நாம்பளே அச்சடிச்சி ஊருக்குக் குடுக்கறதா?" என்றார். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். கடைசி இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, ஒரு நாள்கூட முகம் சுளிக்காத அண்ணி மறுபக்கம். அண்ணி வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, இதுவரை நீங்கள் படித்ததை எழுதினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனைக் கைத்தாங்கலாக நடத்திப் பழக்கிய மாணவர்களுக்கும், வழி தவறி நின்ற ஒவ்வொரு முறையும் வீடு வரை கொண்டுவந்து விட்ட கள்ளக்குறிச்சி ஆட்டோக்காரர்களுக்கும், மாதம் தவறாமல் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும், சனி ஞாயிறுகளில் மலையிறங்கி வந்து கூடத்தை நடத்தும் பொன்னுசாமிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எழுதியதை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். கடைசி வரியை எல்லா மலர்களிலும் இருப்பது போலவே எழுதியிருந்தேன்: "அண்ணன் தம் இல்லத்தில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்." அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். அழவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, 'அமைதியாக' என்ற சொல்லை அடித்தார்.

"அமைதியா போவலமா" என்றார். பிறகு ரவிக்கையின் கையை மேலே தள்ளித் தோளைக் காட்டினார். எலும்பு பிசகிச் சேர்ந்த மேடு. இத்தனை வருட நர்ஸான நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை. "நான் யாருன்னு தெரியல அவருக்கு. பந்தயத்துல நிக்கிறதா நெனச்சிக்கினு குத்திட்டாரு. ரெண்டு மூணு தபா. வூட்டுல ஒருத்தர் மேலயும் கை வெக்காத மனுசன். இதயும் சேத்து எழுதுமா. அந்தப் புள்ளைங்களப் பெத்தவளுங்க படிக்கட்டும்."

எழுதிவிட்டேன், அண்ணி.