மஞ்சள் குடையும் பேராசிரியர் நாற்காலியும்

குடைக்காரியைத் தெரியாதவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி.

குடைக்காரி என்கிற பேர் ஒட்டிக்கொண்ட கதை கொஞ்சம் மானக்கேடானது. பல வருஷத்துக்கு முன் பஸ் நிறுத்தங்களில் கம்பி நட்டு மஞ்சள் குடைகளை மாட்டினாள். மழை வந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், மழை விட்டதும் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் மாட்டிவிட வேண்டும். குடைமேல் கடைக்காரர்கள் விளம்பரம், அவர்கள் தரும் பணத்தில் புதுக் குடை. கணக்கெல்லாம் பொருந்தித்தான் இருந்தது. முதல் மழைக்குப் போன குடைகள் கிணற்றில் போட்ட கல்தான்.

அவள் பாடம் நடத்துவதும் இதே சங்கதிதான். ஊருக்கும் நல்லது நடக்கணும், கடையும் கையைக் கடிக்காமல் ஓடணும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற துறை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் காலம் தள்ளியவள். இப்போது அங்கே மூத்த பேராசிரியர் வேலை காலியாகியிருந்தது. வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் இவள் ஒப்பந்தம் அதோடு தீர்ந்தது.

அந்த வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசல் வரை வந்தார்.

"சக்கர நாற்காலி ரிப்பேர் கடையைப் பத்திப் பேசு. உன்கிட்ட படிச்ச பசங்க நடத்துறது, லாபத்துல ஓடுது. குடைப் பேச்சை மட்டும் எடுத்துடாதே, தாயே."

"அவங்களே கேட்டா?"

"கேட்டா இருமு."

"நான் இருமினா நம்புவாங்களா?"

"நீ பேசினா மட்டும் நம்பிடுவாங்களாக்கும். அத்தனை குடைக்கும் வாருல சிவப்பு நாடா வச்சுத் தைச்சவன் நான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறலை."

சரி, சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் குடை கொடுத்தவள் நனைந்த கோழி மாதிரிப் போய் நின்றாள். உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட தலைவர். நாற்காலிக் கடையைப் பற்றிக் கேட்டார்கள், சரளமாகச் சொன்னாள். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட ஒரு குடை. வெளுத்துப்போன மஞ்சள். வாரில் சிவப்பு நாடா.

"நீங்க ஆரம்பிச்சதுல கவுந்துபோனது ஏதாவது உண்டா?" என்றார் தலைவர்.

இருமல் தொண்டை வரை வந்தது. ஆனால் தன் பிள்ளைகள் தோற்ற கதையை மறைத்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறவள் அவள். முழுங்கிவிட்டாள்.

"குடை சார்," என்று தொடங்கி முழுக்கச் சொன்னாள். மூலைப் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவில்லை. "எடுத்தவங்க யாரும் திருடங்க இல்லை. மழை விட்டா மனுஷனுக்குக் குடை மறந்துடும். எடுக்க வசதி செஞ்சேன், ஞாபகப்படுத்த வழி வைக்கலை. தப்பு என் திட்டத்துல."

"அடையாளம் ஏதும் போடலையா?"

"வாருல சிவப்பு நாடா. வீட்டுக்காரர் தைச்சது."

தலைவர் மெல்லத் திரும்பி வாளியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். நாடா அங்கேயேதான் இருந்தது.

"அது என் மனைவி வாங்கினதுன்னு நான் நினைச்சேன்," என்றார். "நான் வாங்கினதுன்னு அவ நினைச்சிட்டிருக்கா."

பக்கத்தில் இருந்த அம்மாள் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டார். குடைக்காரியை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

போச்சு, கெடுத்துக்கொண்டோம் என்று அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருக்கையில் கதவு திறந்தது. தலைவர் குடையோடு வந்தார்.

"எங்க மூணு பேருக்கும் ஒரே முடிவுதான். கடுதாசி பின்னால வரும். இப்ப நனையாம போங்க."

"திருப்பித் தரணுமா சார்?"

"வேலையில சேர வரும்போது கொண்டுவாங்க. எனக்கு ஞாபகம் இருக்காது, நீங்கதான் பார்த்துக்கணும்."

வீட்டில் நுழைந்ததும் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குடையைப் பிடுங்கி நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"என் தையல் பிரியவே இல்லை பார்த்தியா. அது கிடக்கட்டும், போன காரியம் என்ன ஆச்சு?"

"கையில பிடிச்சிருக்கீங்களே, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேலையில சேரப் போறேன்."